புதன்கிழமைத் தொழிற்சாலைகளும் அப்பாவின் வலக்கையும்

1

சென்ற மாதம் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு உயர்பள்ளி மாணவர்கள் இருபது பேர் வந்தார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கம் என்ற ஊரில் இருக்கும் சிறிய தொழிற்சாலை அது. மின்விசிறி மோட்டார்களுக்கான உறைகளைச் செய்கிறோம். எஞ்சினியர்களில் வயது குறைந்தவள் நான் என்பதால் அவர்களைச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளைகளுக்கு எதிலும் அக்கறை இருக்கவில்லை. சாப்பாட்டு அறையில் இருந்த குளிர்பான மெஷினைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். போகும்போது அவர்களுடைய ஆசிரியர், படிக்கிற காலத்தில் நீங்களும் இப்படித் தொழிற்சாலை பார்க்கப் போயிருக்கிறீர்களா என்று மரியாதைக்குக் கேட்டார். யப்பானில் ஒன்பது பார்த்தேன் என்றேன். அதிர்ஷ்டசாலி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குள் பிள்ளைகளை எண்ணப் போய்விட்டார்.

கொழும்பில் சஞ்சிகை நடத்தும் சிநேகிதி ஒருத்தி, யப்பானைப் பற்றி எழுது என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோயில்கள், செரிப்பூக்கள், வேகமான ரயில் என்று அவள் எதிர்பார்ப்பாள். நான் பார்த்தது பெரும்பாலும் தொழிற்சாலைகளின் சீமெந்துத் தரைகளை. ஆனாலும் அந்த ஆசிரியர் கேட்டதிலிருந்து ஒரு புதன்கிழமை திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது. அதை எழுதிவிடுவது நல்லது.

2

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடிகிற நேரம், ஒரு கோடைகாலத்தை யப்பானில் படிக்க ஆறு மாணவர்களைத் தெரிவு செய்தார்கள். ஐந்து ஆண்கள், பிறகு நான். கனடாக் குடியுரிமை கிடைத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசாப் படிவத்தில் பிறந்த இடம், பிறந்தபோது இருந்த குடியுரிமை, இப்போதைய குடியுரிமை, அது எப்படிக் கிடைத்தது என்று நான்கு கட்டங்கள். மற்ற ஐந்து பேரும் ஒரே சொல்லை எழுதி முடித்துவிட, நான் மட்டும் தனித் தாள் இணைத்தேன்.

நாகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த ஊரில் எங்களைத் தங்கவைத்தார்கள். காலையில் மொழி வகுப்பு, பிற்பகலில் உற்பத்தி முறைகள் பற்றிய பாடம். புதன்கிழமைகளில் சின்ன பஸ் ஒன்றில் ஏற்றித் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போவார்கள். எங்களுக்குப் பொறுப்பாக மோரி-சான் என்ற பெண்மணி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவரின் வேலை காரணமாகச் சில வருடங்கள் வான்கூவரில் இருந்தவர். ஆங்கிலத்தைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். பஸ் எட்டு ஐந்துக்கு என்றால் எட்டு நான்குக்கு அவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

எல்லாத் தொழிற்சாலையிலும் ஒரே ஒழுங்குதான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி அவர்கள் தரும் செருப்பைப் போட வேண்டும். ஆறடிப் பையன்களின் குதிக்கால்கள் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு ஓர் அறையில் பச்சைத் தேநீர், கம்பனியின் வரலாறு, ஒரு வீடியோ. தலையில் தொப்பி மாட்டி, தரையில் கீறியிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமாக வரிசையில் நடப்போம். கடைசியில் திரும்பவும் அதே அறை. அங்கே ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். கேள்வியும் பதிலும் கொப்பியில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும்.

சைக்கிள் சங்கிலி செய்யும் இடத்தில் வாசல் காவலாளி எங்களை இரண்டு தரம் எண்ணினார். அவரிடம் இருந்த தாளில் கனடா மாணவர்கள் ஆறு பேர் என்று இருந்தது. அவருக்கு ஐந்து கனடாக்காரரும் ஓர் இந்தியப் பெண்ணும் தெரிந்தார்கள். மோரி-சான் விளக்கம் சொன்னார். இலங்கை, தமிழ், போர், ரொறன்ரோ என்று அது நீண்டுகொண்டே போனது. காவலாளி தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். உள்ளே போனபோது மேசையில் சின்னக் கனடாக் கொடிகள் ஆறு இருந்தன. வரவேற்றுப் பேசிய முதலாளி, கனடாவின் பனியையும் தருஷினி-சானின் நாட்டுத் தேயிலையையும் ஒரே வசனத்தில் புகழ்ந்தார். என் பெயர் தர்சினி. அவர்கள் எழுத்தில் எழுதினால் தருஷினி என்றுதான் வரும். ஒரு கிழமையில் அதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

3

ஏழாவது புதன்கிழமை, மின்சாரச் சோற்றுப் பானை செய்யும் தொழிற்சாலை.

பானையின் உள் பாத்திரத்தை அழுத்தி எடுப்பது மெஷின். விளிம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பெண்களின் கை. பதினைந்து பேர் வரிசையாக நின்றார்கள். பாத்திரம் வந்ததும் இடக்கையில் ஏந்தி, வலக்கைப் பெருவிரலால் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த பக்கம் வைப்பார்கள். கண் எங்கோ இருக்கும், விரல்தான் பார்க்கும். பிசிறு இருந்தால் பாத்திரம் சிவப்புப் பெட்டிக்குள் போகும். ஒரு பாத்திரத்துக்கு நான்கு விநாடி என்று மேற்பார்வையாளர் பெருமையோடு சொன்னார்.

நான் நின்ற இடத்துக்கு நேரே அம்மாவின் வயதில் ஒரு பெண். சட்டையில் ஹயாஷி என்று பெயர் தைத்திருந்தது. அவருடைய வலது மணிக்கட்டில் தோல் நிறப் பட்டி ஒன்று சுற்றியிருந்தது. அந்தப் பட்டியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குளியலறை அலுமாரியில் அதே மாதிரி மூன்று கிடந்தன.

என் அப்பா யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி, தனியாகக் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் கார்க் கதவுகளுக்கான றப்பர் ஓரங்களைக் கத்தியால் சீவும் வேலையில் சேர்ந்தார். மூன்று வருடம் சீவினார். அதற்குள் வலக்கை விரல்கள் மரத்துப்போயின. சத்திர சிகிச்சை செய்தும் பேனா பிடிக்க வரவில்லை. கம்பனி, உனக்கேற்ற இலேசான வேலை இங்கே இல்லை என்றது. வேலையால் வந்த காயம் என்று தொழிலாளர் நட்டஈட்டு அலுவலகம் ஏற்றுக்கொண்டிருந்தால், வேறு தொழில் படிக்க அனுப்பியிருப்பார்கள். கணக்குப் பதிவு படிக்கத்தான் அப்பாவுக்கு ஆசை. அலுவலகம் ஏற்கவில்லை. கைவருத்தம் ஊரிலிருந்தே இருந்தது என்று எழுதிவிட்டது. பிறகு அவர் நகரத்தின் நடுவே, நிலத்தடிக் கார்த் தரிப்பிடம் ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ரிக்கெற் கொடுக்கும் வேலைக்குப் போனார்.

இதெல்லாம் மனதில் ஓட, அறைக்குத் திரும்பும்வரை காத்திருக்காமல், மஞ்சள் கோட்டில் நின்றபடியே ஹயாஷி-சானைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த யப்பானிய மொழியில், துண்டு துண்டாக: இந்த வேலை, கை, நோகுமா?

மேற்பார்வையாளரின் முகம் இறுகியது. ஹயாஷி-சான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஹாய்," என்றார். தலையை ஆட்டினார். பிறகு இன்னொரு தரம், "ஹாய்."

ஹாய் என்றால் ஓம், ஆமாம் என்று முதல் நாள் பாடத்திலேயே படித்திருந்தேன். கொப்பியைத் திறந்து, ஓம், நோகும் என்று எழுதத் தொடங்கினேன். உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. மோரி-சான் பக்கத்தில் வந்து கொப்பியின் மேல் கையை வைத்தார்.

"இன்னும் எழுத வேண்டாம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை."

ஹயாஷி-சான் அதற்குப் பிறகுதான் பேசினார். நீளமாகப் பேசினார், மோரி-சான் மொழிபெயர்த்தார். முந்தி வேறோர் இடத்தில் பொத்தான் தைக்கும் வேலையில் கை நொந்தது உண்மை. இங்கே ஒவ்வொரு மணிக்கும் இடம் மாற்றி நிற்கிறார்கள், அதனால் நோவதில்லை. இந்தப் பட்டி, ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெண்களோடு வொலிபோல் விளையாடும்போது விழுந்ததால் கட்டியது. அதிலும் அவருடைய பக்கம் தோற்றுவிட்டது.

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேற்பார்வையாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கொப்பியில் நான் எழுதியிருந்த அரை வசனத்தை வெட்டினேன்.

4

திரும்பும் வழியில் மோரி-சான் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். என்னைத் திருத்தியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் தொடங்கினார். ஹாய் என்பதை நீங்கள் ஓம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள், பல நேரம் அது, உங்கள் பேச்சு எனக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான், பதில் அதற்குப் பிறகு வரும் என்றார். வான்கூவரில் மகனுடைய ஆசிரியை சொன்னதற்கெல்லாம் இவர் ஆங்கிலத்தில் யெஸ், யெஸ் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். மகனை ஒரு வகுப்புக் கீழே போட இவர் சம்மதித்துவிட்டார் என்று அடுத்த கிழமை கடிதம் வந்ததாம்.

"மகன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்," என்றார். சிரிக்கவில்லை.

நான் ஹாய் என்றேன். பஸ் ஒரு பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பதினாறு வயதில் நடந்த ஒரு விஷயம், ஐந்து வருடம் கழித்து அந்தப் பாலத்தில் வைத்து விளங்கியது.

அப்பாவை அந்த அலுவலகம் நேரில் கூப்பிட்டபோது, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். வேண்டாம், மகள் வருவாள் என்று அப்பா சொல்லிவிட்டார். பிற ஆள் முன்னால் தன் கைவருத்தத்தைச் சொல்ல அவருக்கு வெட்கம். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக்கொண்டு போனேன். நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம். அதிகாரி நல்ல பெண்மணி, எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். கனடாவுக்கு வருமுன் இந்தக் கையில் ஏதாவது பிரச்சினை இருந்ததா என்று கேட்டார்.

"கனடாவுக்கு வரமுதல் இந்தக் கையிலை ஏதும் கரைச்சல் இருந்ததோ எண்டு கேக்கிறா, அப்பா."

"ஓம்... ஓம்..." என்றார் அப்பா, தலையை மெல்ல ஆட்டியபடி.

"யெஸ்," என்றேன் நான்.

அதிகாரி எழுதினார். அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது, நான் அதை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். தொலைபேசியில் கதை கேட்கும்போது ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். செத்தவீட்டுச் செய்திக்கும் ஓம்தான், வாடகை கூட்டிவிட்டார்கள் என்பதற்கும் ஓம்தான். பிறந்ததிலிருந்து கேட்ட சொல் எனக்கு. அந்த அறையில் மட்டும் அது வேறு சொல்லாகிவிட்டது. அலுவலகம் எங்களை ஏமாற்றிவிட்டது என்று ஐந்து வருடமாக வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொன்னேன், மற்றவர்களைவிடக் கோபமாகச் சொன்னேன். அலுவலகம் எழுதியது நான் சொன்னதைத்தான்.

மிச்சம் இரண்டு புதன்கிழமைகளில் பென்சில் தொழிற்சாலையும் சோயா சோஸ் தொழிற்சாலையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி அதிகம் நினைவில்லை. அறிக்கை இரண்டுக்கும் நல்ல புள்ளிதான் கிடைத்தது.

5

ரொறன்ரோவுக்குத் திரும்பி மூன்று கிழமை ஒன்றும் சொல்லவில்லை. அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் இருந்தோம். ஞாயிறு காலையில் உடுப்புத் தோய்க்கிற வேலை அப்பாவுக்கும் எனக்கும். கட்டடத்தின் நிலவறையில், உலர்த்தும் மெஷின்களுக்கு முன்னால், படுக்கை விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அப்பா இரண்டு மூலையையும் இடக்கையில் பிடித்திருந்தார். வலக்கை சும்மா கூடவே போய் வந்தது.

"அப்பா, அண்டைக்கு அந்த ஒஃபிசிலை நீங்கள் ஓம் எண்டது, இருந்தது எண்டோ, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டோ?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. விரிப்பின் மூலைகளைப் பொருத்தி முடித்தார்.

"முந்தி என்ரை கையிலை ஒண்டும் இருக்கேல்லை. உனக்குத் தெரியும்தானே."

"அப்ப நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "கச்சேரியிலை இருபது வருசம் இங்கிலிஸ் கடிதம் எழுதின எனக்கு, யெஸ் எண்டால் விளங்காதே?"

மெஷின் நின்றுவிட்டது. அவர் அதற்குள் இருந்த காற்சட்டைகளை எடுக்கப் போனார். பிறகு ஏன் திருத்தவில்லை என்று அவருடைய முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"நீ வகுப்பிலை வாயே திறக்கிறேல்லை எண்டு உன்ரை ரீச்சர் ரெண்டு தரம் கடிதம் போட்டவ. அண்டைக்கு அந்த மனிசியோடை நிமிர்ந்திருந்து கதைச்சாய். அதுக்குள்ளை நான் பூந்து, பிழை எண்டு சொன்னால், பிறகு நீ எங்கையும் கதைச்சிருக்க மாட்டாய்."

"பிறகு கடிதம் வந்தாப்போலையாவது சொல்லியிருக்கலாமே, அப்பா."

"வந்தாப்போலை சொன்னால் நீ படிப்பை விட்டிட்டு வேலைக்குப் போறன் எண்டிருப்பாய்."

போயிருப்பேன்தான். மீதி உடுப்பை மடித்துக்கொண்டு மேலே வந்தோம். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, ஐந்து வயதில் இங்கே வந்து, கேட்டதற்கு மட்டும் பாதித் தமிழில் பதில் சொல்லும் என் தம்பி ரமணன், தலை நிமிர்ந்து, "அப்பா, யூ குட்'வ் ஜஸ்ற் செட் நோ," என்றான். அப்பா அவனுக்கும் ஓம் என்றுதான் சொன்னார்.

6

பக்கத்துத் தெருவில் இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த இளைஞர், முடிவை மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் கை முந்தி நன்றாக இருந்தது என்பதற்கு ஏதாவது வேண்டும் என்றார். வருத்தம் இருந்தது என்றால் டொக்டரின் துண்டுச் சீட்டு இருக்கும். வருத்தம் இல்லாததற்கு யார் துண்டு தருவார்கள்? கச்சேரியில் அப்பாவோடு இருந்தவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். ஒரு வருடம் அப்படியே போனது.

வழியைக் காட்டியது அம்மா. நாங்கள் வருமுன் கனடாவிலிருந்து அப்பா அவருக்கு எழுதிய கடிதங்களை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து மேசையில் திகதிப்படி அடுக்கினார். முதல் கடிதங்கள் எட்டுப் பக்கம், கச்சேரிக் கையெழுத்து, ஒரு வரிகூடச் சரியவில்லை. ஒரு வருடம் கழிய நான்கு பக்கம். பிறகு இரண்டு. கடைசிக் கடிதங்களில் எழுத்துகள் வலது பக்கமாகச் சாய்ந்து, பெரிதாகி, ஒரு தாளில் பத்து வரிக்கு மேல் இல்லை.

அம்மா கடைசிக் கடிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எழுத நேரமில்லை எண்டெல்லோ போட்டிருந்தனீங்கள்."

"கை நோகுது எண்டு எழுதினால் நீங்கள் அங்கை இருந்து என்ன செய்யிறது?"

"நான் வேறை மாதிரி நினைச்சன்," என்றார் அம்மா. அன்றைக்கு அப்பாவின் தேநீரை அவர் இடக்கைப் பக்கமாகக் கொண்டுவந்து வைத்தார்.

சட்ட உதவி இளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முதல் கடிதத்தையும் கடைசிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவருக்கு மொழி தேவைப்படவில்லை. பிரதி எடுத்து அனுப்பினார். எனக்குத் தெரியாமல் அம்மா இரண்டு கடிதங்களை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டாராம். அவற்றைப் பிற ஆட்கள் பார்க்கத் தேவையில்லை என்று பிறகு சொன்னார்.

இரண்டாம் விசாரணைக்கும் நான் போனேன். இம்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அலுவலகமே ஒழுங்கு செய்திருந்தது. மன்னார்ப் பக்கத்துக்காரர், நடுவயது. குடும்பத்தவர் வெளியே இருக்கவேண்டும் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் நடைவழிக் கதிரையில் இருந்தேன். அப்பா வெளியே வந்தபோது, அந்த மனிதர் ஒவ்வொரு பதிலுக்கும் இவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தார் என்று மட்டும் சொன்னார்.

7

சென்ற வருட முடிவில் கடிதம் வந்தது. அதற்குள் நாங்கள் வோபர்னுக்கு வீடு மாறிவிட்டோம், நானும் மார்க்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை பகல். கடித உறையைக் கண்டதும் பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அப்பா அதைத் தானே பிரித்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டார், அம்மாவைக் கூப்பிட்டு எதிரே இருக்கச் சொன்னார்.

ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு அதைத் தமிழில் சொன்னார். கைவருத்தம் வேலையால் வந்ததுதான் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். முந்திய முடிவை மாற்றுகிறார்கள். அவருடைய வயதில் முழுத் தொழிற்பயிற்சி பொருந்தாது, ஆனால் விரும்பினால் ஆறு மாதம் கணனியில் கணக்குப் பதிவு படிக்கலாம். அந்த இடத்தில் அம்மா, போவீங்களோ என்று கேட்டார். வாற மாசம் தொடங்குதாம், என்று சொல்லிவிட்டு அப்பா வாசிப்பைத் தொடர்ந்தார். கச்சேரித் தமிழில், சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்று தோளுக்கு மேலாக வாசித்துக்கொண்டு வந்தேன்.

முதல் பக்கத்தின் கடைசிப் பந்திக்கு எனது கண் அவருக்கு முந்திப் போய்விட்டது. முதல் விசாரணையில் தொழிலாளியின் வயது குறைந்த மகள் செய்த மொழிபெயர்ப்பு பிழையானது, முந்திய முடிவு தவறாக அமைந்ததற்கு அதுவே காரணம் என்று அங்கே இருந்தது.

அப்பாவின் விரல் அந்தப் பந்தியின் தொடக்கத்தில் சற்று நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு தாளைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தின் முதல் வசனத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"அந்தப் பக்கம் முடிஞ்சுதோ?" என்று அம்மா கேட்டார்.

"முடிஞ்சுது," என்றார் அப்பா. "அதிலை வேறை ஒண்டுமில்லை."